இணைய பில்லின் கீழ்ப்பாதி: எது வரி, எது கட்டணம், எதைக் கேள்வி கேட்கலாம்?

விளம்பரத்தில் மாதம் 2,000 ரூபாய் என்று போட்டிருக்கும். மாத முடிவில் வரும் பில்லில் 2,420 ரூபாய் 51 சதம் இருக்கும். போன மாதம் கட்டுவதற்கு நாலு நாள் பிந்தியிருந்தால் அதற்கொரு தாமதக் கட்டணம். ரவுட்டருக்கு வாடகை என்றால் அது வேறு. கொழும்பில், வெள்ளவத்தையில் கேட்டாலும் கொட்டாஞ்சேனையில் கேட்டாலும் "அதெல்லாம் டெக்ஸ்தானே" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியில் வரியே அல்லாத காசும் இருக்கிறது. அந்தக் காசைப் பற்றிக் கேள்வி கேட்கப் பாவனையாளருக்கு உரிமை உண்டு. எந்தத் தொகையைப் பற்றிக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், சட்டம் எந்த இடம்வரை கைகொடுக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பில்லில் உள்ள காசு மூன்று வகை

1. உங்களிடம் வாங்கி அரசுக்குக் கொடுக்க வேண்டிய வரி. பெறுமதி சேர் வரி, அதாவது வற், இந்த வகை. 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். வாங்குபவரிடம் அறவிட்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்டிச் செலுத்துவது நிறுவனத்தின் கடமை. வற் பதிவு இல்லாத ஒருவர் வற் என்று எழுதி ஒரு சதமும் வாங்க முடியாது. தொடர்மாடிக் கட்டடங்களில் பெரிய இணைப்பொன்றை வாங்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கும் சிறிய ஆட்களிடம் இதை முதலில் பார்க்க வேண்டும்.

2. நிறுவனத்தின் மீது விதிக்கப்பட்டு, பிறகு நம் பில்லுக்கு மாற்றப்படும் வரி. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி இந்த வகை. 2022 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு ஒக்டோபர் 1 முதல் 2.5 வீதம் அறவிடப்படுகிறது. நிறுவனத்தின் விற்பனைப் புரள்வின், அதாவது மொத்த விற்பனை வருமானத்தின், மீது விழும் வரி இது. கட்ட வேண்டியவர் என்று சட்டம் கைகாட்டுவது நிறுவனத்தை. அதை வாடிக்கையாளரிடம் பில்லில் தனியாகக் காட்டி வாங்குவதா, தன் விலைக்குள் அடக்குவதா என்பது நிறுவனம் எடுக்கும் முடிவு.

3. நிறுவனத்தின் சொந்தக் கட்டணம். தாமதக் கட்டணம், துண்டித்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கும் கட்டணம், ரவுட்டர் வாடகை, முன்கூட்டி விலகினால் கேட்கும் தொகை, கேட்காமலே சேர்ந்துவிடும் கூடுதல் சேவைகள். இதில் அரசுக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. மேலதிகக் கட்டணம் என்று இந்தக் கட்டுரையில் சொல்வது இவற்றைத்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொலைத்தொடர்பு அறவீடு என்று ஒரு வரி 2011 முதல் இருக்கிறது. இணைய டேட்டாவுக்கு இருந்த 10 வீத அறவீடு 2017 செப்டம்பர் 1 இல் நீக்கப்பட்டது. தொலைபேசிப் பேச்சுக்கு உரிய பங்கு நீக்கப்படவில்லை, இப்போது 15 வீதம். ஆகவே வீட்டுத் தொலைபேசியும் இணையமும் ஒரே பில்லில் வந்தால், இந்த அறவீடு பேச்சுப் பகுதிக்கு மட்டும் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

## 2.5 எப்படி 2.5641 ஆனது?

பில்லை உற்றுப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சட்டம் 2.5 வீதம் என்கிறது, பில்லில் 2.5641 வீதம் என்று இருக்கிறது. ஏமாற்று வேலையா?

இல்லை. கணக்கு இப்படி. பொதியின் விலை 2,000 ரூபாய். அதன் 2.5 வீதம் 50 ரூபாய். அந்த 50 ரூபாயை உங்களிடம் வாங்கியதும் நிறுவனத்தின் விற்பனைப் புரள்வு 2,050 ஆகிவிடும். அப்போது 2,050க்கும் 2.5 வீதம் கட்ட வேண்டும், அது 51 ரூபாய் 25 சதம். அந்த வித்தியாசத்தையும் வாங்கினால் புரள்வு இன்னும் சற்றுக் கூடும். இந்தச் சுற்று முடியும் இடம் 51 ரூபாய் 28 சதம். 2.5ஐ 97.5 ஆல் வகுத்தால் வருவது 2.5641 வீதம், அவ்வளவுதான்.

அப்புறம் வற். அது 2,000க்கு அல்ல, 2,051 ரூபாய் 28 சதத்துக்குக் கணக்கிடப்படுகிறது. அதன் 18 வீதம் 369 ரூபாய் 23 சதம். மொத்தம் 2,420 ரூபாய் 51 சதம். விளம்பர விலைக்கு மேலே 21 வீதத்துக்குச் சற்று அதிகம்.

இந்த எண்ணை நினைவில் வைத்திருப்பது உதவும். இணையம் மட்டும் உள்ள பில்லில் பொதியின் விலையை 1.21 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ அந்தத் தொகை வந்தால் வரி மட்டும்தான் ஏறியிருக்கிறது. நூறு, இருநூறு ரூபாய் தள்ளி நின்றால் மூன்றாம் வகைக் காசு ஏதோ உள்ளே இருக்கக்கூடும்.

## விலையேற்றம் வேறு, மேலதிகக் கட்டணம் வேறு

2022இன் இறுதி மாதங்களை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 1 இல் வற் 12இலிருந்து 15 வீதமானது. செப்டம்பர் 5 முதல் கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, புரோட்பேண்ட் கட்டணங்களை 20 வீதமும் கட்டணத் தொலைக்காட்சியை 25 வீதமும் உயர்த்தத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. ஒக்டோபர் 1 இல் சமூகப் பாதுகாப்பு வரி வந்தது. ஒரு மாதத்துக்குள் மூன்று ஏற்றம்.

ஓகஸ்டில் வரிக்கு முன் 1,000 ரூபாயாக இருந்த பொதிக்கு வற்றோடு 1,120 ரூபாய் கட்டியிருப்போம். ஒக்டோபரில் அதே பொதிக்கு 1,415 ரூபாய் 38 சதம். கூடிய 295 ரூபாயில் 200 ரூபாய் நிறுவனத்தின் விலையேற்றம். வரியால் கூடியது 95 ரூபாய் சொச்சம். "வரி கூடிவிட்டது" என்று சொன்னால், மூன்றில் இரண்டு பங்கு காசின் பெயர் மாறிவிடுகிறது.

ஆனால் அந்த ஏற்றத்தை நான் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு ரூபாய் விழுந்தது, டொலரில் வாங்க வேண்டிய உபகரணமும் சர்வதேச இணையக் கொள்ளளவும் விலை ஏறின, மின்வெட்டு நேரத்தில் கோபுரங்களை ஜெனரேட்டரில் ஓட்ட வேண்டியிருந்தது. ஏற்றம் அடிப்படை விலையில் நடந்தது. ஆணைக்குழு அனுமதித்தது, நாள் குறித்து அறிவிக்கப்பட்டது. பிடிக்காவிட்டால் சிறிய பொதிக்கு மாறலாம், வேறு நிறுவனத்தின் விலையோடு ஒப்பிடலாம்.

மேலதிகக் கட்டணத்தில் இந்த வாய்ப்பு இல்லை. விளம்பர விலை அப்படியே நிற்கிறது, ஏற்றம் மட்டும் பில்லின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடுகிறது. இரண்டு நிறுவனங்களின் விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு அது தெரியவே தெரியாது. நேர்மையாக முழு விலையையும் போட்ட நிறுவனம் அவர் கண்ணுக்கு விலை கூடியதாகத் தெரியும். இதனால் பாவனையாளருக்கு மட்டுமா நட்டம்? ஒளிக்காமல் வியாபாரம் செய்ய நினைக்கும் போட்டியாளருக்கும் நட்டம்.

காலி வீதியில் சாப்பாட்டுக் கடைகளில் 10 வீத சேவைக் கட்டணம் வாங்குகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்கலாம். மெனுவின் அடியில் அந்தக் கட்டணத்தைக் கண்டால் ஓடர் கொடுக்காமல் எழுந்து போகலாம். இணையம் அப்படி இல்லை. சுவரில் துளை போட்டு ஃபைபர் இழுத்து, பிள்ளையின் வகுப்பும் வீட்டு வேலையும் அதில் தங்கிய பிறகுதான் முதல் பில் வருகிறது. பல தொடர்மாடிகளில் உள்ளே கேபிள் இழுத்திருப்பது ஒரே ஒரு நிறுவனம். எழுந்து போக வேறு கடையும் இல்லை.

## ஒரு கட்டணம் நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது?

தொகை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவை:

1. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கட்டணம் தொகையோடு சொல்லப்பட்டதா? "பொருத்தமான கட்டணங்கள் அறவிடப்படும்" என்ற ஒரு வாக்கியம் சொன்னதாகக் கணக்கில் வராது.
2. இதைத் தவிர்க்க எனக்கு வழி இருக்கிறதா? நேரத்துக்குக் கட்டினால் தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கலாம். எல்லாருக்கும் எல்லா மாதமும் விழும் கட்டணம் உண்மையில் விலைதான். அது விளம்பரத்தில் இருந்திருக்க வேண்டும்.
3. நிறுவனத்துக்கு உண்மையில் ஏற்படும் செலவோடு இதற்குத் தொடர்பு இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் தாமதக் கட்டணம் சிக்குகிறது. 2,420 ரூபாய் பில்லுக்கு 250 ரூபாய் நிலையான தாமதக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். நாலு நாள் பிந்தியதற்குப் பத்து வீதத்துக்கு மேல். பத்தாயிரம் ரூபாய் பில் கட்டுபவருக்கு அதே 250 ரூபாய் இரண்டரை வீதம். சிறிய பொதி வைத்திருக்கும் வீட்டில்தான் சம்பளம் வரும் நாளுக்கும் பில் நாளுக்கும் இடையில் இழுபறி இருக்கும். அந்த வீட்டில்தான் அடியும் பலமாக விழுகிறது. பில்லின் வீதமாகக் கணக்கிட்டு, சில நாள் சலுகையும் கொடுத்தால் நிறுவனத்துக்குக் காசும் வரும், அநியாயமும் குறையும்.

துண்டித்த இணைப்பைத் திரும்பக் கொடுப்பதும் அப்படித்தான். முன்பு ஆள் வந்து கம்பியைப் பூட்ட வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலும் அலுவலகத்தில் இருந்தபடியே கணினியில் செய்யும் வேலை. ஆள் அனுப்பும் செலவைச் சொல்லிக் கட்டணம் கேட்டால், ஆள் வந்தாரா என்று கேட்பதில் தவறில்லை.

முன்கூட்டி விலகும் கட்டணத்தில் நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ரவுட்டரையும் இழுத்த கேபிளையும் இலவசமாகக் கொடுத்திருந்தால் அந்தச் செலவை எடுக்க அவர்களுக்குக் காலம் தேவை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருபது மாதம் கட்டியவரிடமும் இரண்டு மாதம் கட்டியவரிடமும் ஒரே தொகையைக் கேட்பதற்கு அந்த நியாயம் போதாது.

## சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையில் இந்த விடயத்தை ஒரே சட்டம் ஆளவில்லை. மூன்று சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது.

தொலைத்தொடர்புகள் சட்டம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம். 1996இல் செய்த திருத்தம்தான் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை உருவாக்கியது. 2024இலும் ஒரு திருத்தம் வந்தது. கட்டணங்களையோ அவற்றைக் கணக்கிடும் முறையையோ தீர்மானிக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு. சந்தாதாரரின் முறைப்பாட்டை விசாரிக்கவும் அதற்குப் பரிகாரம் செய்விக்கவும் முடியும். கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது, தொலைபேசி இலக்கம் 1900. பில் பிரச்சினைக்கு முதல் கதவு இதுதான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். 30 ஆம் பிரிவு இங்கே முக்கியம். வியாபாரம் செய்யும் எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும், ஏமாற்றும், அல்லது அப்படிச் செய்யக்கூடிய நடத்தையில் ஈடுபடக் கூடாது என்கிறது. உண்மையில் ஏமாந்திருக்க வேண்டும் என்று கூட இல்லை, ஏமாற்றக்கூடியதாக இருந்தாலே போதும். நிறுவனத்தின் சொந்தக் கட்டணத்தை "வரிகளும் அறவீடுகளும்" என்ற தலைப்புக்குக் கீழே எழுதினால், அது இந்தப் பிரிவின் வாசலுக்கு வந்துவிட்டது என்பது என் வாசிப்பு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. அதிகாரசபையின் இலக்கம் 1977. ஒரு கண்டிப்பு உண்டு: பொருள் வாங்கிய, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். ஆறு மாதப் பில்களைச் சேர்த்துக்கொண்டு போனால் முன்னைய மூன்றும் கைநழுவிப் போகலாம்.

நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கம். பெயரைப் பார்த்தால் நமக்கென்றே எழுதியது போலத் தோன்றும். உள்ளே போனால் அது முக்கியமாகப் பேசுவது, நிறுவனம் தன் பொறுப்பைக் கழற்றிக்கொள்ளும் நியதிகளைப் பற்றி. "சேவை தடைப்பட்டால் நாங்கள் பொறுப்பல்ல" என்பது போன்ற வாக்கியங்கள் நியாயமானவையா என்று நீதிமன்றம் பார்க்கலாம். விலையோ கட்டணமோ நியாயமா என்று பார்க்கும் கருவியாக அது அமையவில்லை.

இடைவெளி இங்கேதான். ஏமாற்றியிருந்தால் 2003 சட்டம் இருக்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழித்தால் 1997 சட்டம் இருக்கிறது. ஒளிக்காமல், ஏமாற்றாமல், சிறிய எழுத்தில் முன்கூட்டியே எழுதி வைத்து, நியாயமற்ற ஒரு கட்டணத்தை வாங்கினால்? கையெழுத்துப் போட்டவர் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் கட்டுப்பட்டவர் என்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் பழைய விதி. அப்போது மிஞ்சுவது ஆணைக்குழுவின் கட்டண அதிகாரம் ஒன்றே. அடிப்படை விலையைப் பார்க்கும் அதே கவனத்தோடு பில்லின் கீழே வரும் ஒவ்வொரு கட்டணத்தையும் ஆணைக்குழு பார்த்தால், இந்த இடைவெளியின் பெரும்பகுதி புதுச் சட்டம் இல்லாமலே அடைபடும்.

## வெளியே என்ன செய்திருக்கிறார்கள்?

அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய இணைய நிறுவனங்கள், உணவுப் பொட்டலத்தில் சத்து விவரம் போடுவது போல, மாத விலையும் எல்லாக் கட்டணங்களும் உள்ள ஒரு பெட்டியை விற்பனை இடத்தில் காட்ட வேண்டும். அங்கே 2019இல் இயற்றிய இன்னொரு சட்டத்தின்படி, வாடிக்கையாளர் தன் சொந்த ரவுட்டரைப் பாவித்தால் அதற்கு வாடகை கேட்க முடியாது.

பிரித்தானியாவில் 2025 ஜனவரி 17க்குப் பின் செய்யும் ஒப்பந்தங்களில், நடுவில் விலை கூடுமென்றால் எத்தனை பவுண்ட் எத்தனை பென்ஸ் என்று முதலிலேயே எழுத வேண்டும். "பணவீக்கத்துக்கு ஏற்ப" என்று விட்டுவிட முடியாது. அதே ஆண்டு ஏப்ரலில், தவிர்க்க முடியாத கட்டணங்களை முதல் விலைக்கு வெளியே வைத்துச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவதும் தடைசெய்யப்பட்டது. இந்தியாவின் 2019 பாவனையாளர் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கே வரைவிலக்கணம் கொடுத்து, அதைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை மாநில ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்திருக்கிறது. நமக்கு இல்லாத கருவி அதுதான்.

## கொழும்பில் ஒருவர் செய்யக்கூடியது

1. விளம்பரத்தை, அல்லது விற்பனை ஆள் அனுப்பிய செய்தியை, இணைப்பு எடுக்கும் நாளிலேயே படமாகச் சேமித்து வையுங்கள். பிறகு தேடினால் பக்கம் மாறியிருக்கும்.
2. சந்தேகமான தொகையைப் பற்றி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: "இந்தத் தொகை எந்தச் சட்டத்தின் கீழ் வரி? வரி இல்லையென்றால் ஒப்பந்தத்தின் எந்த நியதி?"
3. தகராறு இல்லாத தொகையை நேரத்துக்குக் கட்டிவிடுங்கள். முழு பில்லையும் நிறுத்தினால் இணைப்பும் போகும், புதிய கட்டணமும் ஏறும்.
4. பதில் திருப்தி இல்லையென்றால் அந்தக் கடிதத்தையும் பில்லையும் இணைத்து ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். விளம்பரத்தில் ஒன்று பில்லில் ஒன்று என்பதே பிரச்சினையானால் மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி. பழுதான ரவுட்டர், உத்தரவாதம் மறுப்பு போன்றவையும் அங்கேதான் போக வேண்டும்.
5. தமிழில் எழுதலாம். அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உள்ள உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, கொழும்பிலும் செல்லும். தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. ஆங்கிலத்தில் மட்டும் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் முறைப்பாட்டில் அதையும் ஒரு வரியாகச் சேருங்கள். கட்டணம் முன்கூட்டி விளக்கப்படவில்லை என்ற வாதத்துக்கு அது பலம் சேர்க்கும்.
6. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மறக்க வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் ஆணைக்குழுவையும் கட்டுப்படுத்தும், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த நிறுவனத்தின் இந்தக் கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா, எந்தத் திகதியில், எந்தத் தொகைக்கு?

அந்த ஆறாவது படியில் போடும் விண்ணப்பத்துக்கு வரும் பதில்தான் அடுத்த அடியைத் தீர்மானிக்கும். அனுமதி இல்லை என்றால் காசைத் திருப்பிக் கேட்க உங்கள் கையில் ஆவணம் இருக்கிறது. அனுமதித்த தொகை 150, வாங்கியது 250 என்றால் வித்தியாசத்தைக் கேட்கலாம். முழுத் தொகைக்கும் அனுமதி இருந்தது என்றால், வழக்கு நிறுவனத்தோடு அல்ல. அந்த அனுமதி எந்தச் செலவுக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று ஆணைக்குழுவிடம் இரண்டாவது விண்ணப்பம் போட வேண்டும்.